சங்கத்துக் கதிரைகள்

கால் மரத்துப்போனால் யாரும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் காலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. தொண்டையில் நிற்பது வேறு. அதையும் சொல்லித் தொலைக்கிறேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். எழுத்திலும் அது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுந்தரம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நானும் என் மனைவி புஷ்பமும்தான், பிள்ளைகள் இல்லை. இரத்த சொந்தம் என்று இருப்பது என் தம்பி ரவி ஒருவன். அவன் டென்மார்க்கில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் விழுந்தது கியூ வருஷத்தில். பெட்ரோலுக்கு, காஸுக்கு, மண்ணெண்ணெய்க்கு என்று நாடே வரிசையில் நின்ற வருஷம். பெட்ரோல் இல்லாமல் போனதும் ஊரிலுள்ள அத்தனை பேரும் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தார்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை எனக்கு வியாபாரம் வந்தது. விற்க டயர் இல்லை, டியூப் இல்லை. கப்பலில் சாமான் வருவது நின்றுபோய்விட்டது. என் தலையெழுத்து எந்த லட்சணத்தில் இருந்தது என்று பாருங்கள்.

முதலில் வயிற்றோட்டம் வந்தது. கடைச் சாப்பாட்டில் ஏதோ கோளாறு. அது நின்று நன்றாக இருக்கும்போது கால் விரல்களில் ஊசி குத்துவது மாதிரி ஒரு விறுவிறுப்பு. சீனி வியாதியாக இருக்கும் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போகிறேன், எதிரில் வந்தவர்கள் எல்லாம் என் காலைப் பார்க்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்தது எங்கே என்றே எனக்குத் தெரியாது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த நாள் கக்கூசில் உட்கார்ந்தவனால் எழும்ப முடியவில்லை. புஷ்பம் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கி நிறுத்தின கையோடு இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

ஓட்டோ ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஜயசேன மாத்தயாதான், சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா, லொறிக்கு ஏற்பாடு செய்தார். இந்த இடத்தில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. சிங்களவர், தமிழர் எல்லாரும் அதில் இருக்கிறோம். மாதாமாதம் சந்தா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிரேதம் வந்து சேருமுன் தெரு நெடுக வெள்ளைக்கொடி ஏறிவிடும். முற்றத்தில் மழைக்கும் வெயிலுக்கும் தறப்பாள் விரியும், உட்காரக் கதிரைகள் இறங்கும், ஜெனரேட்டர் ஓடும், பெரிய தேகிச்சியில் பிளேன்டீ கொதிக்கும். சாவு வீட்டுக்காரர் அழுதால் போதும். மிச்சத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். ரயிலில் கார்டாக வேலை செய்து ரிடையர் ஆன ஜயசேன மாத்தயா தலைவர், நான் செயலாளர். விதி ஒன்றுதான்: சாவுக்கு மட்டும். நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் எப்போதும் கறார். சாவு ஒருவனுக்கு ஒரு தடவைதான் வரும், எங்கள் தெரு அதைத் தாங்கும். நோய் அப்படியா? ஒரு நோயாளி போதும், சங்கமே படுத்துவிடும். இதை இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

டீசல் கிடைக்காத அந்த நாட்களில் பிரேதம் கொண்டுபோவதற்கென்று சங்கம் ஒரு கேனில் டீசல் ஒளித்து வைத்திருந்தது. அதை ஊற்றித்தான் என்னைக் கண்டிக்குக் கொண்டுபோனார். லொறியில் படுத்துக்கொண்டே நான் அவரைத் திட்டினேன், சாவுக்கு வைத்த டீசலை இப்படி எடுத்தால் நாளைக்குக் கூட்டத்தில் யார் பதில் சொல்வது என்று. அவர் முன் சீட்டிலிருந்து டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

அரசாங்க ஆஸ்பத்திரிதான். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாட்டில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. ஒரு சின்னப் பிள்ளை, டொக்டர், ரப்பர் சுத்தியலால் என் முட்டியில் தட்டினாள். உங்கள் முட்டியில் தட்டினால் கால் தானாக உதறும். என்னுடையது அசையவில்லை. மறுபடியும் தட்டினாள். பிறகு இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டாள், அவரும் தட்டிப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். நரம்பில் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளை கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஒரு படை திரட்டியிருக்கிறது. கிருமி போன பிறகும் அந்தப் படை வீட்டுக்குப் போகாமல் என் நரம்புகளையே அடிக்கத் தொடங்கிவிட்டது. கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் இருக்கிறதல்லவா, நரம்புக்கும் அப்படி ஒரு உறை உண்டாம். அது உரிந்துகொண்டு போகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நிற்கும். உடனே மருந்து கொடுத்தால் தடுக்கலாம், முக்கால்வாசிப் பேர் எழும்பி நடப்பார்கள் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்த மருந்து இப்ப எங்ககிட்ட இல்ல, அங்கிள்," என்றாள் சிங்களத்தில். "வழக்கமா நாங்கதான் குடுப்போம், காசில்லாம சும்மா. இப்ப நாட்டிலேயே முடிஞ்சுபோச்சு. வெளியில எங்கயாவது எடுக்கப் பாருங்க."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள்.

என்ன மருந்து தெரியுமா? மனிதர்களின் இரத்தம்தான். ஒரு போத்தல் செய்ய ஆயிரக்கணக்கான பேரின் இரத்தத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமாம். அத்தனை பேர் உடம்பிலும் உள்ள நல்ல சத்தைப் பிரித்து எடுத்து அடைக்கிறார்கள். நம்மால் செய்ய முடியாது, வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நாட்டில் அப்போது டொலர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொழும்பில் ஒன்றிரண்டு தனியார் இடங்களில் கொஞ்சம் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வந்த புஷ்பம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த நாட்டில் சும்மா மருந்து கொடுப்பது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமையே இல்லாத காலம். வோட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, நீ எந்த நாட்டுக்காரன் என்று எல்லாரும் கேட்ட காலம். அப்போதும் ஆஸ்பத்திரியில் அதைக் கேட்காமல் அவருக்கு மருந்து கொடுத்தார்கள். நான் அரசாங்கம் கொடுத்த கூப்பன் அரிசியில் வளர்ந்தவன், காசு கட்டாமல் படித்தவன். அதனால்தான் ரவி போனில் டென்மார்க் பெருமை பேசும் போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே பிறந்ததிலிருந்து சாகும்வரை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, இதை நம்ம நாட்டிலும் கொண்டுவரலாம் என்பான். நம்ம நாட்டில் இதெல்லாம் உன் டென்மார்க்கை நீ கண்ணால் பார்க்கும் முன்பே இருந்ததடா என்பேன் நான். அப்புறம் ஏன் அண்ணே எல்லாரும் செத்த பிறகு கதிரை கொடுக்கச் சங்கம் வைத்திருக்கிறீர்கள் என்று சிரிப்பான். சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதியை வரியாக எடுக்கிறார்கள், நான் முணுமுணுப்பதில்லை, போகிற இடம் எனக்குத் தெரியும் என்பான். எனக்குத் தெரியாதே, இங்கே கொடுத்தால் எவன் வீட்டுக்குப் போகும் என்று கண்டது யார்? சங்கத்துச் சந்தா என்றால் ஜயசேன மாத்தயாவிடம் இருக்கும். என் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அவர் வீட்டு முற்றம் தெரியும். வருஷக்கணக்காக இதே சண்டைதான்.

இப்போது அதே ரவி போனில் அழுதான். அவனுக்கு இடுப்பு விலகி வேலைக்குப் போக முடியாமல் அரசாங்கம் கொடுக்கும் பணத்தில் இருந்தான். கையில் இருந்ததை வழித்து அனுப்பிவிட்டான், அது பாதிக்குக் காணாது. மருந்தையே வாங்கி அனுப்பலாம் என்று அலைந்திருக்கிறான். அங்கே அது ஆஸ்பத்திரிக்குள்தான் இருக்கும், கடையில் விற்க மாட்டார்கள்.

"இங்க எனக்கு வந்தா நாளைக்கே ஏத்துவாங்க அண்ணே, ஒரு சதம் கேக்க மாட்டாங்க," என்றான். "ஆனா உங்களுக்குன்னு ஒரு சொட்டு வாங்க முடியல. நான் எத்தனை தடவை இங்க ரத்தம் குடுத்திருக்கேன் தெரியுமா?"

புஷ்பம் போனை என் காதில் வைத்துப் பிடித்திருந்தாள். அங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காது, இங்கே காசு இல்லாமல் கிடைக்காது. அவ்வளவுதான்.

என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் செல்வராசு என்று ஒரு பையன், தேயிலைத் தோட்டத்து ஆள், லயத்து வரிசை வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். கிட்னி இரண்டும் பழுது. மெஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவ வேண்டும். கழுவுவதற்கு வேண்டிய சாமான் தட்டுப்பாடு என்று தவணையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். முகம் வீங்கிப் பலாப்பழம் மாதிரி இருந்தது. ரவி பேசுவதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஒரு நாள், அங்க தோட்டத்து ஆளுக்கும் குடுப்பாங்களா என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். அங்கே எல்லாருக்கும் கொடுப்பார்கள், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள் என்றான் ரவி. செல்வராசுவிடம் அதைச் சொன்னேன்.

"நல்லா இருக்கட்டும் அண்ணே," என்றான்.

இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது அவன் கட்டிலில் மெத்தையைப் பாதியாக மடித்து வைத்திருந்தார்கள். அந்த வாட்டில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மெத்தை மடிந்திருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நோயில் கிடந்தவரை, திருப்ப முடிந்தது அதுதான் கடைசித் தடவை.

காலையில் ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை வைப்பார்கள். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடியும் என்று எண்ணிக் காட்ட வேண்டும். நெஞ்சுக்கு நோய் ஏறிவிட்டதா என்று அறிய அது ஒரு வழி. ஆணியும் நட்டும் எண்ணி விற்ற எனக்கு எண்ணிக்கை ஒரு சவாலா? முதல் நாள் கடகடவென்று எண்ணிக் காட்டினேன், டொக்டர் பிள்ளை சிரித்தாள். அடுத்தடுத்த நாள் குறைந்தது. பிறகு பத்தைத் தாண்ட நெஞ்சு அடைத்தது. கண்ணை மூட முடியவில்லை. இமைக்கும் நரம்பு போய்விட்டது, தூங்குவதற்கு பிளாஸ்டர் ஒட்டினார்கள். பயம் என்றால் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, கத்துவதற்குக் காற்று இல்லை.

சங்கத்திடம் கேட்கவா என்று புஷ்பம் என் காதுக்குள் கேட்டாள். எனக்கு மிச்சம் இருந்த காற்றை அதற்குத்தான் செலவழித்தேன்.

"கேக்காத. அது சாவுக்கு. நான் இன்னும் சாகல."

பிடிவாதம் என்று நினைப்பீர்கள். அந்தத் தறப்பாளும் கதிரையும் தெருவில் எல்லாரும் வயிற்றைக் கட்டி வாங்கினது. நான் அதில் கைவைத்தால் நாளைக்கு இன்னொருவன் பிரேதம் மழையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று காலையே என்னைத் தீவிர சிகிச்சைக்கு இறக்கினார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் மாட்டினார்கள். இனி நான் மூச்சு விட வேண்டியதில்லை, மெஷின் விடும். காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் புஷ்பம் சொல்லித்தான் அறிந்தேன்.

பின்னேரம் வாருங்கள் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். போன் செத்துக் கிடந்தது, முதல் நாள் கரண்ட் இல்லை, சார்ஜ் பண்ண முடியவில்லை. அவள் டவுனில் அடகுக் கடை வரிசையில் போய் நின்றிருக்கிறாள், கடைசியாக இருந்த வளையலோடு. அந்த நேரத்தில்தான் ஜயசேன மாத்தயா என்னைப் பார்க்க வாட்டுக்கு வந்திருக்கிறார். என் மெத்தை மூத்திரத்தில் நனைந்திருந்தது. அட்டெண்டன் அதைக் காயவிட மடித்து நிறுத்தியிருந்தான். மாத்தயா பார்த்தது மடித்த மெத்தையை. படுத்திருக்கிற நோயாளிகளுக்கு முன்னால் சாவைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆயுசு முழுக்கக் கொடி காட்டி ரயில் அனுப்பிய மனிதர், தாமதம் என்றால் அவருக்கு ஆகாது. கேட்காமல் கும்பிட்டுவிட்டு வெளியில் வந்து தெருவுக்குப் போன் போட்டுவிட்டார், செக்ரட்டரி போய்விட்டார், வேலையைத் தொடங்குங்கள் என்று.

வளையலை வைத்துவிட்டு புஷ்பம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெருவில் திரும்பினால் நெடுக வெள்ளைக்கொடி. யார் வீட்டிலோ என்று நினைத்திருக்கிறாள். எதிரில் வந்த பொம்பிளையிடம் யாரு என்று கேட்டிருக்கிறாள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். கொடி எங்கள் வாசலில் போய் முடிந்தது. முற்றத்தில் தறப்பாள் கட்டி முடித்திருந்தார்கள், கதிரைகள் வரிசையாக, தெருவே அதில் உட்கார்ந்திருந்தது. இவளைக் கண்டதும் எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள் என்றுதான் நினைத்தேன் என்று பிறகு சொன்னாள். அழுகை வரவில்லையாம். தனியாகப் போகவிட்டுவிட்டேனே என்பது ஒன்றுதான் மனதில் சுற்றியதாம். அங்கிருந்த ஒரு கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பொய்ச் சாவு எப்படி உடைந்தது என்றால் டென்மார்க்கிலிருந்துதான். புஷ்பத்தின் போன் கிடைக்காமல் ரவி ஆஸ்பத்திரிக்கே எடுத்திருக்கிறான். அந்த டொக்டர் பிள்ளை அண்ணனை மெஷினில் போட்டிருக்கிறோம், மருந்து வந்தால் காப்பாற்றலாம், நாளைக்குள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல அவன் ஜயசேன மாத்தயாவுக்குப் போன் எடுத்தான். மாத்தயா போனைக் காதில் வைத்தபடியே கதிரைகளைத் தாண்டி நடந்தாராம். பிறகு அதைப் புஷ்பத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தலைக்கு மேலே இரண்டு கையையும் கூப்பினாராம். அப்போதுதான் இவளுக்கு அழுகை வந்தது. அந்தச் சத்தத்தில் தெருவே அழுதது.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கதிரை மடிக்கப் போன ஒரு பையனை மாத்தயா தடுத்தார். அவர் மலைநாட்டு ரயில் லைனில் வேலை செய்தவர், தமிழ் நன்றாக வரும்.

"இப்ப கூட்டம். எல்லாரும் இருக்கிறது தானே," என்றார். "நாங்க வந்தது செக்ரட்டரிட சாவுக்கு. சாவுக்குக் குடுக்கிறத இப்பவே குடுப்பம். அப்ப சாவு வராது."

சங்கத்தில் காசாக ஒன்றும் இல்லை. இருந்தது அந்த முற்றத்தில் இறங்கியிருந்ததுதான்: தறப்பாள், இரும்புக் கால்கள், கதிரைகள், தேகிச்சி, ஜெனரேட்டர். புதுச் சாமான் நாட்டுக்குள் வராத வருஷம், பழையதுக்குப் பொன் விலை. ஜெனரேட்டருக்குச் சொல்லவே வேண்டாம். யாரோ ஒருவர் விதியைச் சொல்லிப் பார்த்தார், செக்ரட்டரியே விடமாட்டாரே என்று. புஷ்பமும் நேர்மையாகச் சொல்லிவிட்டாள், அவர் கேட்க வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று.

"செக்ரட்டரிக்கு இப்ப பேச ஏலாது," என்றார் மாத்தயா. "ஆட்சேபணை ஒண்டும் வரல்ல."

கை தூக்கினார்கள். எல்லாரும் தூக்கினார்கள். தங்கள் தங்கள் சாவுக்கு வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தூக்கினார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு வெடிக்கும். கேனில் மிச்சமிருந்த டீசலை ஊற்றி அதே லொறியில் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி இருக்கும் பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோய், கல்யாண வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவனிடம் கொடுத்தார்கள். ரவி அனுப்பியது, வளையல், இது எல்லாம் சேர்ந்துதான் விலை நிறைந்தது. அன்று இரவே மாத்தயா கொழும்பு ரயில் ஏறினார். மறுநாள் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வழியெல்லாம் பெட்டியைத் தரையில் வைக்கவில்லையாம், ரயில் ஆட்டத்தில் போத்தல் உடைந்துவிடும் என்று.

மருந்து ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏறியது. யாரென்று தெரியாத ஆயிரம் பேர் எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் பிளாஸ்டரோடு கிடந்து நான் ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தேன், பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்கு ஏன் ஒரு தெரு இல்லாமல் போனது என்று. அவனுக்கும் லயம் இருந்தது. அந்த லயத்தில் விற்க என்ன இருந்திருக்கும்?

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. குழாயை எடுத்தார்கள். முதலில் கண் தானாக மூடித் திறந்தது, பிறகு கைவிரல் அசைந்தது, பிறகு கால். இதற்கெல்லாம் மாதக்கணக்கு. பிசியோ என்று ஒன்று கொடுப்பார்கள், மறந்துபோன காலுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. அதில் நான் அழுத அழுகை குழந்தைகூட அழாது. இன்றைக்கும் பிடியில்லாமல் அதிக நேரம் நிற்க முடியாது. டொக்டர் பிள்ளை என்னை நடக்க வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். அடுத்த கிளினிக்குக்குப் போனபோது அவள் இல்லை. அவளும் ரவி இருக்கிற நாட்டுக்குப் பக்கத்து நாடொன்றுக்குப் போய்விட்டாளாம். நம் காசில் படித்த பிள்ளை அங்கே யாருக்கோ சும்மா வைத்தியம் பார்க்கிறாள். அவள் மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. மருந்தில்லாத வாட்டில் எத்தனை நாளைக்குச் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

ரவிக்கு நாங்கள் கதிரைக் கதையைச் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிதான் எங்கிருந்தோ மருந்தைக் கொண்டுவந்து போட்டது என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். பார்த்தீர்களா அண்ணே, நம்ம நாட்டிலும் நடக்கும், மனசு வைத்தால் நடக்கும் என்று குதித்தான். அவன் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். சங்கத்துக்குத் திரும்பச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் கடையைத் திறந்தேன். ஆனால் சாமான் விலை ஏறியது ஏறியதுதான், பழைய விலைக்கு ஒரு கதிரையில் பாதிகூட வராது. தெருவில் பாதிப் பேர் சந்தா கட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அடுப்பெரிக்கவே வழியில்லாத நேரம்.

ஜயசேன மாத்தயா போன மாதம் இறந்துபோனார். நெஞ்சு வலி என்று சொன்ன அன்றைக்கே முடிந்துவிட்டது.

வெள்ளைக்கொடி ஏறியது. சங்கத்தில் விற்காமல் இருந்தது அது மட்டும்தான். அவர் மகள் வாடகைக்குத் தறப்பாளும் கதிரையும் கேட்டுப் பிலிமத்தலாவைக் கடைக்குப் போன் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு எல்லாம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டானாம். எங்கள் தறப்பாளின் கீழே எங்கேயோ மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது, கண்டி மழை, விடாது. வீடுகளிலிருந்து எடுத்துவந்த நாலைந்து கதிரைகள் உள்ளே புத்த பிக்குமாருக்கும் வயதான பெண்களுக்கும் போய்விட்டன. தெரு முழுக்க முற்றத்தில் நின்றது. ஜெனரேட்டர் இல்லை, பிளேன்டீ இல்லை. நானும் நின்று பார்த்தேன். கால் நடுங்கத் தொடங்கியது. கீழே விழப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. புஷ்பம் ஓடிப்போய் எங்கள் வீட்டுக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து போட்டு என்னை இழுத்து உட்கார வைத்தாள், குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன். ஒருவராவது திட்டியிருக்கலாம்.

ரவி வீடியோவில் வந்தான், மாத்தயாவின் முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி. காட்டினேன். கும்பிட்டான். போனை நான் திருப்பும்போது முற்றம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் அண்ணே எல்லாரும் மழையில நிக்கிறாங்க? சங்கத்துத் தறப்பாள் எங்க? கதிரை எல்லாம் எங்க?"

"நான் சாப்பிட்டுட்டேன்டா," என்றேன்.

தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினான். பிறகு மாத்தயாவின் மகள் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தான் போலிருக்கிறது, நிறுத்திவிட்டான்.